சாட்டின் கவுனில் ஆழமான மடிப்புக் கோடுகள்: வீட்டிலேயே நீக்க முடியுமா?

முத்துநகர் | திங்கள், இரவு 8.15

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை தூத்துக்குடியில் என் தங்கையின் திருமணம் தேவாலயத்தில் நடைபெற இருக்கிறது. சென்னையில் தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைச் சாட்டின் கவுன் இன்றுதான் கூரியரில் வந்து சேர்ந்தது. நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் காலணிப் பெட்டியையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பாவாடைப் பகுதியின் முன்புறத்தில் குறுக்கே இரண்டு ஆழமான மடிப்புக் கோடுகள் விழுந்துள்ளன. பின்னால் தரையில் தவழும் நீண்ட பகுதி முழுவதும் சிறு சிறு சுருக்கங்களாகக் கசங்கியிருக்கிறது. மேற்பகுதியில் சம்கியும் கண்ணாடி மணிகளும் தைக்கப்பட்டுள்ளன. இடுப்பைச் சுற்றியுள்ள கற்கள் மட்டும் பசையால் ஒட்டப்பட்டவை.

எங்கள் தெருமுனையில் தேய்ப்பவர் கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார். சூட்டைக் குறைக்கவும் கூட்டவும் வழியில்லாத அந்தப் பெட்டிக்கு இதைக் கொடுக்க எனக்கு அச்சமாக இருக்கிறது. உலர்சலவைக் கடையில் அடுத்த வாரம்தான் தர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் நீராவி வரும் மின் இஸ்திரிப் பெட்டி ஒன்று உள்ளது. துணி பட்டா, பாலியஸ்டரா என்பதே தெரியவில்லை, ஏனெனில் சீட்டு எதுவும் உள்ளே தைக்கப்படவில்லை. தண்ணீர் தெளித்துச் சூடாகத் தேய்த்தால் போய்விடும் என்கிறார் அம்மா. நான் தடுத்து வைத்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கொடிமலர் | திங்கள், இரவு 8.50

தங்கைக்கு என் வாழ்த்துகள். நான் என் சாட்டின் புடவையைக் குளியலறையில் தொங்கவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து கதவைச் சாத்திவிடுவேன். இருபது நிமிடங்களில் சுருக்கங்கள் தாமாகவே இறங்கிவிடும். இஸ்திரிப் பெட்டியே தேவைப்படாது.

தையல்மேசை | திங்கள், இரவு 10.05

தம்பி, நான் மதுரையில் 26 ஆண்டுகளாகத் தையல் கடை நடத்துகிறேன். முதலில் அம்மாவிடம் தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். இன்றிரவு செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். கவுனை உறையிலிருந்து எடுத்து, தோள்பட்டைக்குப் பருமனான ஹேங்கரில், தரையில் படாத உயரத்தில், மின்விசிறிக் காற்று மென்மையாகப் படும்படி தொங்கவிடுங்கள். மணி வேலைப்பாட்டின் கனம் முழுவதும் தோள் தையலில் இறங்கக் கூடாது. ஆகவே இடுப்பின் உட்பக்கத்தில் நாடா இருந்தால் அதையும் ஹேங்கரில் கட்டிவிடுங்கள். சுருக்கங்களில் ஒரு பகுதி காலைக்குள் துணியின் எடையாலேயே விட்டுவிடும். எஞ்சுவதற்கு மட்டும் நாம் சூடு காட்டினால் போதும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொழில் கற்ற புதிதில், மெரூன் நிறச் சாட்டின் பாவாடை ஒன்றை மேல்புறத்திலேயே, துணி எதுவும் இடையில் வைக்காமல் தேய்த்துவிட்டேன். துணி எரியவில்லை. ஆனால் பெட்டியின் முனை பட்ட இடமெல்லாம் கண்ணாடி போன்ற ஒரு தட்டைப் பளபளப்பு ஏறிவிட்டது. சுற்றியிருந்த துணியின் ஒளி வேறு, அந்த இடத்தின் ஒளி வேறு. எத்தனை முறை அலசியும் அது போகவில்லை. வாடிக்கையாளருக்குப் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன்.

இழையியல் | செவ்வாய், காலை 6.40

கோயம்புத்தூரில் ஆடைத் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். ஐயா சொன்னது முற்றிலும் சரி. காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் காரணம் தெரிந்தால் எந்த வழி உங்கள் துணிக்குப் பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சாட்டின் என்பது ஒரு நூலின் பெயரன்று, ஒரு நெசவின் பெயர். சாதாரண நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூலுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக மாறி மாறிச் செல்லும். சாட்டின் நெசவிலோ அது குறைந்தது நான்கு ஊடை நூல்களுக்கு மேலாக மிதந்து சென்று, ஐந்தாவதன் அடியில் மட்டும் நுழைந்து எழும். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நெய்யப்படுவதும் உண்டு. இப்படி மிதக்கும் நீண்ட நூல்கள் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதால்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. அதே காரணத்தால்தான் ஒரு சிறு மடிப்புகூடத் தொலைவிலிருந்து கோடாகத் தெரிகிறது. அதே காரணத்தால்தான் சூடான தகடு மேலே அழுந்தும்போது மிதக்கும் நூல்கள் தட்டையாகி, ஐயா சொன்ன கண்ணாடிப் பளபளப்பு உண்டாகிறது. (சாட்டின் என்னும் பெயர், சீனாவின் சுவான்சோ துறைமுகத்தை அரபு வணிகர்கள் அழைத்த சைத்தூன் என்னும் பெயரின் வழி வந்தது என்பது பரவலான விளக்கம். 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் அதே ஊரில்தான் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவியர் நிமிர்ந்து உட்காருவார்கள்.)

ஆகவே சாட்டினை எப்படித் தேய்ப்பது என்று கேட்பதற்கு முன், அது எந்த இழையால் நெய்யப்பட்ட சாட்டின் என்று கேட்க வேண்டும். பட்டு, மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ், அசிட்டேட், செயற்கை இழைகளான நைலான், பாலியஸ்டர் ஆகிய எதிலும் சாட்டின் நெய்யலாம். பட்டும் விஸ்கோசும் ஈரத்தை விரும்பி ஏற்பவை. சாதாரணக் காற்றிலிருந்தே பட்டு தன் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடும், விஸ்கோஸ் ஏறத்தாழ 13 விழுக்காடும் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அவற்றில் சுருக்கத்தைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் மூலக்கூறுகளுக்கு இடையிலான, வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் உள்ளே போனால் அவை விட்டுவிடும், உலரும்போது புதிய நிலையில் மீண்டும் பிணையும். பாலியஸ்டர் வாங்கும் ஈரமோ 0.4 விழுக்காடுதான். அதற்குள் தண்ணீர் போகாது. அதை இளக்குவது சூடு மட்டுமே. ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் அதன் மூலக்கூறுகள் அசையத் தொடங்கும். அதற்குக் கீழே குளிரும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே உறைந்துவிடும்.

உங்கள் துணி எது என்று அறிய, உட்பக்கத் தையலின் ஓரத்தில் மிஞ்சி நிற்கும் துணியிலிருந்து இரண்டு மூன்று நூல்களை உருவி எடுங்கள். கவுனுக்கு வெகு தொலைவில், ஓர் எவர்சில்வர் தட்டின் மேல், இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலால் நசுக்கினால் பொடியாகிவிட்டால் பட்டு. காகிதம் எரியும் வாசனையுடன் மெல்லிய சாம்பலானால் விஸ்கோஸ் அல்லது பருத்தி. வினிகரைப் போலக் காரமாக மணந்து உருகினால் அசிட்டேட். சுருங்கி உருகி, ஆறியதும் நசுங்காத கெட்டி மணியாக உருண்டு நின்றால் பாலியஸ்டர் அல்லது நைலான். உருகிய நூல் தோலில் ஒட்டிக்கொண்டால் ஆழமாகச் சுடும் என்பதால் கையால் பிடிக்க வேண்டாம், குழந்தைகளை அருகில் விடவும் வேண்டாம்.

முத்துநகர் | செவ்வாய், காலை 9.30

மிக்க நன்றி ஐயா, நன்றி அம்மா. இரவு முழுவதும் தொங்கவிட்டதில் பின்பகுதியின் சிறு சுருக்கங்கள் பாதி குறைந்துள்ளன. முன்பக்கக் கோடுகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. நூலை எரித்துப் பார்த்தேன். வெளித்துணி உருகி, கறுத்த சிறு மணியாகக் கெட்டிப்பட்டது. உள்துணியின் நூல் காகிதம் போல எரிந்து சாம்பலானது.

இழையியல் | செவ்வாய், காலை 10.10

அப்படியானால் உள்ளே பருத்தி அல்லது விஸ்கோஸ். வெளித்துணி பெரும்பாலும் பாலியஸ்டர் சாட்டின். ஒருவேளை நைலானாக இருந்தாலும் சூட்டில் காட்ட வேண்டிய கவனம் ஒன்றேதான்.

கொடிமலர் | செவ்வாய், பிற்பகல் 1.20

எனக்கு ஒரு கேள்வி. என் புடவைக்குக் குளியலறை ஆவி மிக நன்றாகவே வேலை செய்கிறதே. இந்தக் கவுனுக்கு அது ஏன் போதாது?

இழையியல் | செவ்வாய், பிற்பகல் 2.00

உங்கள் புடவை பட்டாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். குளிக்கும் வெந்நீர் ஏறத்தாழ 40 டிகிரிதான். அந்த அறையின் காற்று அதைவிடச் சூடாக வழியில்லை. பட்டுக்கு அந்த அறையிலுள்ள ஈரமே போதுமானது. பாலியஸ்டருக்குத் தேவைப்படும் 70 டிகிரியை அந்த அறை நெருங்கவே நெருங்காது. அங்கே தொங்கவிட்ட பாலியஸ்டர் துணியில் சுருக்கம் சற்றுக் குறைந்தால், அது பெரும்பாலும் தொங்கியதன் பயனே. ஆனால் நீராவிப் பெட்டியின் வாயிலிருந்து வெளியேறும் ஆவி ஏறத்தாழ 100 டிகிரியில் இருப்பதால், அருகிலிருந்து படும்போது பாலியஸ்டரையும் இளக்கும்.

கொடிமலர் | செவ்வாய், பிற்பகல் 2.15

பட்டுதான். விளக்கத்துக்கு நன்றி.

தையல்மேசை | செவ்வாய், இரவு 9.45

இப்போது செய்முறையைச் சொல்கிறேன். இதைப் புதன்கிழமையே தொடங்கிவிடுங்கள். கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம்.

இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டை முதலில் பாருங்கள். பழைய கஞ்சியோ கருகிய துணியோ ஒட்டியிருந்தால் முழுவதும் துடைத்துவிட்டு, ஒரு பழைய வெள்ளைத் துணியில் ஐந்து நிமிடம் தேய்த்துப் பார்த்த பிறகே கவுனுக்கு அருகில் கொண்டு வாருங்கள். மேசையின் மேல் கனமான போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் சாயம் போகாத வெள்ளைப் பருத்தி விரிப்பைப் பரப்புங்கள். திருகியை நைலான் என்ற குறியில் வையுங்கள். பெட்டியைப் போட்டவுடன் தகடு குறித்த அளவைத் தாண்டிச் சூடேறிப் பிறகுதான் இறங்கி நிலைபெறும். ஆகவே விளக்கு இரண்டு முறையாவது அணைந்து எரியும் வரை காத்திருங்கள். ஆடைச் சீட்டுகளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் ஏறத்தாழ 110 டிகிரி, இரண்டு புள்ளிகள் இருந்தால் 150 டிகிரி வரை என்று பொருள். உங்கள் வேலை ஒரு புள்ளியிலேயே முடிந்துவிட வேண்டும். போதாவிட்டால் மட்டும், உட்புறத் தையல் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, சில்க் குறியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம்.

கவுனின் வெளித்துணியை மட்டும் உட்புறம் மேலே வருமாறு திருப்பி, மெல்லிய மல் துணி ஒன்றை அதன்மேல் விரியுங்கள். வெள்ளை வேட்டித் துண்டு இருந்தாலும் போதும். பெட்டியை இழுத்துத் தேய்க்கக் கூடாது. ஓர் இடத்தில் வைத்து, மூன்று நான்கு நொடிகள் லேசாக அழுத்தி, முழுவதுமாகத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கவுன் பாவாடைகள் பலவற்றைக் குறுக்குவெட்டாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டித்தான் தைப்போம். அப்படி வெட்டிய துணியை முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தால், சுருக்கம் போனாலும் அடிவிளிம்பு ஒருபுறம் நீண்டுவிடும்.

அடுத்துச் சொல்வதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். அழுத்தி முடித்த பகுதியை உடனே தூக்காதீர்கள். கையை வைத்துப் பார்த்து, சூடு முழுவதும் ஆறியது என்று தெரிந்த பிறகே நகர்த்துங்கள். ஆசிரியை அம்மா சொன்ன உறைதல் இதுதான். சூடாக இருக்கும்போது மடித்துத் தோளில் போட்டால், முன்பு இருந்ததைவிடப் பிடிவாதமான புதிய சுருக்கம் அங்கே உருவாகும். எங்கள் கடையில் பெட்டியை எடுத்த கையோடு ஒரு தட்டையான மரக்கட்டையை மல் துணியின்மேல் வைத்து ஆறவிடுவோம். கட்டை சூட்டை வாங்கிக்கொள்ளும், துணி சமமாக நிற்கும்.

இடுப்புக் கற்களின் அருகில் நான்கு விரல் அகலத்துக்குச் சூடே வேண்டாம். அந்தப் பசை சூட்டில் இளகி, கல் நகரும் அல்லது மஞ்சளாக ஒழுகும். சம்கி பிளாஸ்டிக் என்பதால் சுருண்டுவிடும். மேற்பகுதியில் உள்ள சுருக்கம் அணிந்த பிறகு உடல் வாகில் இழுபட்டுத் தானே மறையும்.

யாழ்வாசல் | புதன், காலை 7.25

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கவுனுக்கு ஐயா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இந்த உரையாடலைப் பட்டுச் சாட்டின் வைத்திருப்பவர்களும் வாசிப்பார்கள் என்பதால் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். என் மாமியாரின் பழைய பட்டுச் சாட்டின் சேலையில், மின்னழுத்தி சூடேறும் வரை பொறுமையில்லாமல், நான் கையால் தண்ணீர் தெளித்துவிட்டேன். ஒவ்வொரு துளி விழுந்த இடத்திலும் விளிம்பு கறுத்த வட்டம் ஒன்று நின்றுவிட்டது. பிறகு அனுபவமுள்ள ஒருவர் சொன்னபடி, அந்தப் பகுதி முழுவதையும் ஒரு தையல் எல்லையிலிருந்து மறு எல்லை வரை ஒரே சீராக நனைத்து, துவாயில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் உலர்த்தி, உட்புறத்தில் மிதமான சூட்டில் அழுத்தினேன். வட்டங்கள் பெரும்பாலும் மறைந்தன. சேலையின் சாயம் கழன்று ஓடாது என்பதை ஓர் ஓரத்தில் பார்த்துக்கொண்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். பட்டு நனைந்திருக்கும்போது வலுக் குறைந்திருக்கும். ஆகவே முறுக்கிப் பிழியவே கூடாது.

விடுதிவாசி | புதன், காலை 11.50

விடுதியில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ள அனுமதியில்லாத என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? பாலியஸ்டர் சாட்டின் சட்டைக்கு முடி உலர்த்தும் கருவியைப் பயன்படுத்துகிறேன். வினிகர் கலந்த நீரைத் தெளித்தால் சுருக்கம் போகும் என்று தோழி சொல்கிறாள். அது உண்மையா?

இழையியல் | புதன், பிற்பகல் 1.05

முடி உலர்த்தி நல்ல வழிதான். சட்டையைத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பை ஒரு கையால் மெல்ல இழுத்துப் பிடித்து, ஒரு சாண் தொலைவிலிருந்து காற்றை நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். பிறகு குளிர்காற்றுக்கு மாற்றி, துணி ஆறும் வரை இழுத்தே பிடித்திருங்கள். இதனால் மென்மையான சுருக்கங்கள் போகும், பெட்டியில் கிடந்து இறுகிய மடிப்புகள் போகாது. வினிகரால் பாலியஸ்டருக்கு எந்தப் பயனும் இல்லை. அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் அங்கே உள்ளே போக மறுக்கிறது என்று பார்த்தோம்.

முத்துநகர் | வியாழன், இரவு 9.10

நேற்றும் இன்றும் செய்தவற்றைச் சொல்கிறேன். பின்பகுதியை ஐயா சொன்ன முறையிலேயே, ஒவ்வொரு முழமாக, ஆறவிட்டு ஆறவிட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. சுருக்கம் என்று சொல்ல இப்போது அங்கே எதுவும் இல்லை. ஆனால் முன்புறத்தில் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். நைலான் குறியில் வைத்துக்கொண்டே நீராவிப் பொத்தானை அழுத்தினேன்; ஆவிக்குப் பதிலாகப் பழுப்பு நிறத் துளிகள் சிந்தின. நல்லவேளையாக, அது நான் சோதனைக்காக வைத்திருந்த பழைய துணியின் மேல் விழுந்தது. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் பெட்டியின் உட்புறத் துருவும் சேர்ந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முன்புறக் கோடுகளில் மேலே உள்ளது மறைந்துவிட்டது. முழங்காலுக்கு நேராக உள்ள கீழ்க்கோடு மட்டும், பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது இன்னும் தெரிகிறது. அம்மா என் அருகிலேயே உட்கார்ந்து மல் துணியைப் பிடித்துக்கொடுக்கிறார்.

இழையியல் | வியாழன், இரவு 9.35

குறைந்த சூட்டில் தகடு நீரை முழுவதும் ஆவியாக்காது; அதனால்தான் துளியாகச் சிந்துகிறது. பெட்டியிலுள்ள நீரை வடித்துவிட்டு, ஆவியின்றி உலர்ந்த நிலையிலேயே பயன்படுத்துங்கள். ஈரம் வேண்டிய இடத்தில், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கி, மேலே போடும் மல் துணியை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். உப்பு இல்லாத நீர் என்பதால் உலர்ந்த பிறகும் கறை நிற்காது.

தையல்மேசை | வியாழன், இரவு 10.20

தம்பி, கீழ்க்கோட்டில் காலணிப் பெட்டியின் பாரம் நேராக அழுந்தியிருக்கிறது. அதற்கு அந்த ஈர மல் துணிதான் மருந்து. நனைத்து, சொட்டு வராத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, கோட்டின் உட்புறத்தில் விரியுங்கள். சூட்டை நைலான் குறிக்கும் சில்க் குறிக்கும் நடுவில் வையுங்கள்; ஓரத்தில் சோதித்த பிறகுதான். ஐந்து நொடி அழுத்திப் பெட்டியைத் தூக்கியதும் ஈரத் துணியை எடுத்துவிட்டு, மரக்கட்டையை உலர்ந்த துணியின்மேல் வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். ஈரத்தால் சூடு கோட்டின் முழு நீளத்துக்கும் சமமாக இறங்கும். ஒரே இடத்தில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேலும் மெல்லிய நிழல் போலத் தெரிந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்; பளபளப்பு மாறிவிட்டால் திருப்பவே முடியாது, ஆனால் நிழல் நடக்கும்போது யார் கண்ணுக்கும் படாது.

தேவாலயத்துக்குக் கொண்டு போகும்போது மடிக்க வேண்டாம். காரின் பின் இருக்கையில் சுத்தமான விரிப்பைப் போட்டு, நீளவாக்கில் படுக்கவைத்து, மடங்கியே ஆக வேண்டிய இடத்தில் ஒரு துண்டைச் சுருளாக உருட்டி உள்ளே வையுங்கள். தங்கையை அங்கே போய் உடுத்தச் சொல்லுங்கள். வீட்டிலேயே உடுத்திக்கொண்டு காரில் உட்கார்ந்தால், இறங்கும்போது மடியில் புதுச் சுருக்கங்கள் இருக்கும்.

முத்துநகர் | ஞாயிறு, மாலை 5.00

திருமணம் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஈர மல் துணியை வைத்து இரண்டு முறை அழுத்தியதிலேயே கீழ்க்கோடும் போய்விட்டது. மூன்றாவது முறை தேவைப்படவில்லை. எங்களிடம் மரக்கட்டை இல்லாததால், கழுவித் துடைத்த சப்பாத்திப் பலகையைப் பயன்படுத்தினோம். தங்கை தேவாலயத்தின் பக்க அறையில்தான் உடுத்திக்கொண்டாள்.

இப்போது கவுனை எடுத்து வைக்க வேண்டும். வந்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டோம். அடிவிளிம்பில் தேவாலய வாசலின் மண் ஒட்டியிருப்பதால், உலர்சலவைக்குக் கொடுத்து வாங்கிய பிறகு, அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் உறை தைத்துத் தொங்கவிடுவதாக இருக்கிறோம். இதில் தவறு ஏதும் உண்டா ஐயா?

தையல்மேசை | ஞாயிறு, இரவு 8.40

மகிழ்ச்சி தம்பி. தங்கைக்கு என் ஆசிகள். பருத்தி உறையே சிறந்தது. அம்மாவின் புடவை சாயம் ஒட்டாத வெளிர் நிறமாக மட்டும் இருக்கட்டும். மணிகளின் கனம் இருப்பதால் ஆண்டுக்கணக்கில் தொங்கவிட வேண்டாம், தோள் இறங்கிவிடும். பெரிய அட்டைப் பெட்டியில், ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் சுருட்டிய வெள்ளைத் துணியை வைத்துப் படுக்கவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிக்கும் இடத்தை மாற்றி மடித்து வையுங்கள்.